வால் எலும்புக்கு முன்னால நீர்க்கட்டி: ஊசி குத்திப் பார்க்காமலே வெட்டி எடுப்பாங்களா?

கேன்டீன் அக்கா (பாடாங் செராய், மலேசியா) எழுதியது:

வணக்கம். இங்க எல்லாரும் இனிப்புநீர், மூட்டுவலின்னு கேக்குறீங்க. என்னோடது கொஞ்சம் கூச்சமான இடம். முகம் தெரியாதுங்கிற தைரியத்துலதான் எழுதுறேன்.

எனக்கு வயசு 43. தமிழ்ப்பள்ளி கேன்டீன்ல சமையல். பொறந்தது வளர்ந்தது எல்லாம் தோட்டத்துல. அம்மா 31 வருஷம் பால்மரம் (ரப்பர்) வெட்டினவங்க. இப்ப தாமான்ல (குடியிருப்புல) இருக்கோம்.

மூணு வருஷத்துக்கு முன்ன தீபாவளிக்கு முறுக்கு பிழிஞ்சிக்கிட்டு இருக்கேன், முக்காலியில உட்கார முடியல. ஆசனவாய்க்கும் வால் எலும்புக்கும் நடுவுல ஒரு சீழ்க்கட்டி. கிளினிக்ல கீறிவிட்டாங்க, ஆறிப்போச்சு. எட்டு மாசம் கழிச்சு அதே இடத்துல திரும்ப வந்துச்சு. திரும்பக் கீறல். மூணாவது தடவை "பௌத்திரம்"னு சொல்லி ஒரு ஆஸ்பத்திரியில மயக்கம் கொடுத்து சுத்தம் பண்ணாங்க. உள்ள போற துவாரம் எங்க முடியுதுன்னு தெரியலைன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறமும் உள்ளாடையில ஈரம் நிக்கல. மலச்சிக்கல் வேற. வீட்டுக்காரர் மோட்டார் பின்னால உட்கார்ந்து லூனாஸ் வரைக்கும் போறதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துரும்.

இந்த வருஷம் பாலம் தாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாங்க. அங்க ஒரு மலாய்க்கார லேடி டாக்டர். பேச்செல்லாம் அப்புறம்னு சொல்லிட்டு கையுறையை மாட்டி விரல் விட்டுப் பார்த்தாங்க. ஒரு நிமிஷம் கூட ஆகல, "குடலுக்கு வெளிய, பின்பக்கம் ஏதோ மெத்துனு அழுத்துது"ன்னாங்க. மூணு வருஷமா யாரும் அப்படிப் பார்க்கல. பார்க்கிறேன்னு சொல்லியிருந்தா நான் விட்டிருக்கவும் மாட்டேன், அதையும் ஒத்துக்கிறேன்.

எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு. மலக்குடலுக்குப் பின்னால, இடுப்பெலும்புக்கு முன்னால, 6 சென்டிமீட்டர் நீர்க்கட்டி. உள்ள நாலஞ்சு அறை. ஒரு பக்கச் சுவர் மட்டும் தடிச்சு, மருந்து ஏத்தினதும் அந்த இடம் பளிச்சுனு தெரிஞ்சுதாம். பேரு "டெயில்கட் சிஸ்ட்", அதாவது வால்குடல் கட்டி. தாய் வயித்துலேயே உண்டானது, பெரும்பாலும் கெட்டது இல்ல, ஆனா சுவர் தடிச்சிருக்கிறதால உள்ள ஒரு "கெதும்புஹான்" (மலாய்ல வளர்ச்சி, புத்து மாதிரி) ஆரம்பிச்சிருக்கலாம், முழுசா எடுத்துறணும்னு சொன்னாங்க.

வீட்டுல சொன்னதும் பெரிய குழப்பம். நம்ம பேச்சுல கொப்புளமும் கட்டிதான், நீர்க்கட்டியும் கட்டிதான், புத்துநோயும் கட்டிதான். அம்மா "கட்டி"ங்கிற ஒத்த வார்த்தையைக் கேட்டுட்டு மாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் நேர்ந்துக்கிட்டாங்க. கோலாலம்பூர்ல இருக்கிற என் கொழுந்தன் போன்ல கத்துறார்: "ஊசி குத்தி டெஸ்ட் எடுக்காம வெட்டுவாங்களா? அந்த டாக்டருக்கு அனுபவம் இல்ல, பிரைவேட்டுக்கு வாங்க, நாளைக்கே குத்திப் பார்த்துரலாம்."

தாய் வயித்துல வந்தது ஏன் 43 வயசுல தெரியுது? ஊசி குத்தாம வெட்டுறது சரியா? எனக்கு வயித்துல மலம் போறதுக்குப் பை வெச்சிருவாங்களா? நைட்டெல்லாம் இதுதான் ஓடுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கூலிம் காளை:

அக்கா, ஆபரேஷன் வேணாம். வெந்தயத்தை ராத்திரி மோர்ல ஊறவெச்சு 48 நாள் குடிங்க. எங்க மாமாவுக்கு மூலம் போயிருச்சு.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (தைப்பிங்):

காளை தம்பி, உங்க மாமாவுக்கு இருந்தது மூலம். இது மூலம் இல்ல. அக்கா மோரைக் குடிக்கட்டும், வயித்துக்கு நல்லது. அதோட நிறுத்திக்கோங்க.

கேன்டீன் அம்மா, நான் 29 வருஷம் மிஸ்ஸியா (நர்ஸா) இருந்தேன், அதுல பாதிக்கு மேல ஆபரேஷன் தியேட்டர்ல. இந்தக் கட்டியை மொத்தமே ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன். அதனால கிளினிக்குல தப்பு பண்ணிட்டாங்கன்னு ரொம்பக் கோவப்படாதீங்க. மலக்குடலுக்குப் பின்னால வர்ற கட்டிகளை எல்லாம் சேர்த்தாலே, பெரிய ஆஸ்பத்திரியில 40,000 அட்மிஷனுக்கு ஒண்ணுன்னுதான் அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல கணக்குச் சொன்னாங்க. அதுல ஒரு பங்குதான் உங்களோடது. ஆனா அதே இடத்துல மூணு தடவை சீழ் வந்தா, நாலாவது தடவை கத்தியை எடுக்குறதுக்கு முன்ன விரலை விட்டுப் பார்க்கணும். இதை நான் ஜூனியர் டாக்டருங்க காதுல எத்தனையோ தடவை ஓதியிருக்கேன்.

முதல் கேள்வி. தாய் வயித்துல அஞ்சாவது வாரம் எல்லாப் புள்ளைக்கும் வால் இருக்கும். உங்களுக்கும் இருந்துச்சு, எனக்கும் இருந்துச்சு, உங்க கொழுந்தனுக்கும் இருந்துச்சு. குடலோட கடைசி நுனி அந்த வாலுக்குள்ள கொஞ்ச தூரம் ஓடும். ஆசனவாய் வாலுக்கு மேலயே உண்டாகிறதால, அதைத் தாண்டி வால்ல நிக்கிற குடலுக்கு வேலையே கிடையாது. எட்டாவது வாரத்துக்குள்ள வாலும் மறைஞ்சுரும், அந்தக் குடலும் கரைஞ்சுரும். சில பேருக்கு ஒரு துணுக்கு கரையாம தங்கிரும். அந்தத் துணுக்கோட உள்சுவர் சளி சுரக்கும். வெளிய போக வழியில்லாம வருஷக்கணக்கா தேங்கித் தேங்கிப் பெருசாகும். வலியும் இருக்காது. ஒண்ணு அழுத்த ஆரம்பிக்கணும், இல்ல கிருமி புகுந்து சீழ் வைக்கணும், அப்பதான் வெளிய தெரியும். ஆம்பளைங்களை விடப் பொம்பளைங்களுக்குத்தான் அதிகம், அதுவும் முப்பதுக்கு மேல, நடு வயசுல. நீங்க சரியா அந்தக் கூட்டத்துலதான் இருக்கீங்க.

இப்ப ஊசி. கொழுந்தனார் அக்கறையிலதான் சொல்றார், ஆனா இந்த இடத்துக்கு அது பொருந்தாது. மார்புல கட்டின்னா முதல்ல ஊசிதான். இங்க அப்படி இல்ல. தண்ணி நிக்கிற கட்டியை ஊசியால குத்தினா கிருமி உள்ள போகும், ஏற்கெனவே உங்களுக்குச் சீழ் வெச்ச இடம். உள்ள புத்து இருந்தா, குத்தின வழியெல்லாம் அந்தச் செல்லு சிந்தும். அது போதாதுன்னு, நாலஞ்சு அறை இருக்குன்னு எழுதியிருக்கீங்க. ஊசி எந்த அறையில போய் நிக்கும்? நல்ல அறையில குத்தி "ஒண்ணும் இல்ல"ன்னு ரிப்போர்ட் வந்தா, அந்தக் காகிதத்தை நம்பி நீங்க ரெண்டு வருஷம் வீட்டுல உட்கார்ந்திருப்பீங்க.

இன்னொரு பயமும் இருக்கு. அதே இடத்துல பார்க்கிறதுக்கு அதே மாதிரி இருக்கிற வேற ஒண்ணு உண்டு. இடுப்பெலும்புல பொறவியிலேயே ஓட்டை இருந்து, தண்டுவடத்தோட உறை அது வழியா முன்னால பிதுங்கி நிக்கும். அதுக்குள்ள இருக்கிறது மூளைத் தண்ணி. தெரியாம அதை ஊசியால குத்தினா மூளைக்காய்ச்சல்ல கொண்டுபோய் விடும். அதனாலதான் முதல்ல எம்.ஆர்.ஐ. எடுத்து எலும்பைப் பார்க்கிறாங்க.

கட்டி முழுக்கக் கெட்டியா இருந்து, ஆபரேஷனுக்கு முன்னால கதிர்வீச்சோ கீமோவோ கொடுக்கலாமான்னு யோசிக்கிற நிலைமைன்னா டாக்டருங்களே ஊசிப் பரிசோதனை செய்வாங்க. அப்பவும் மலக்குடல் வழியா குத்த மாட்டாங்க. வெளித்தோல் வழியா, பின்னால ஆபரேஷன்ல வெட்டி எடுக்கக்கூடிய பாதையில போவாங்க. யாராவது ஆசனவாய்க்குள்ள விட்டுக் குத்துறேன்னு சொன்னா எழுந்து வந்துருங்க.

ரெண்டு விஷயம் சொல்லுங்க. கட்டி எஸ்3 எலும்புக்கு (வால் எலும்புக்கு மேல இருக்கிற இடுப்பெலும்புல மூணாவது துண்டு) மேலயா கீழயா? எலும்புல ஓட்டை ஏதாவது எழுதியிருக்கா? சி.இ.ஏ.ன்னு புத்துக்கு அறிகுறி பார்க்கிற ரத்தப் பரிசோதனை எடுத்தாங்களா?

(ரெண்டுன்னு சொல்லி மூணு கேட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க.)

கேன்டீன் அக்கா:

மிஸ்ஸி, பசியாறக்கூட இல்லாம இதைத்தான் மூணு தடவை படிச்சேன். எங்கப்பன் முருகன் உங்களை நல்லா வெச்சிருக்கணும். பையன் நாலாம் பாரம் படிக்கிறான், அவனை ரிப்போர்ட்டைப் படிக்கச் சொன்னேன். எஸ்3-க்குக் கீழ. எலும்பு நல்லா இருக்கு, ஓட்டை இல்ல. சி.இ.ஏ. எடுத்தாங்க, நார்மல்னு சொன்னாங்க. வாலு கதையை அம்மாகிட்ட சொன்னேன். "அதான் சின்ன வயசுல ரம்புத்தான் மரத்தை விட்டு எறங்க மாட்டே"ங்கிறாங்க.

டிரசர் மகன்:

என் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரசரா (மருந்து கொடுத்துக் கட்டுப் போடுறவர்) இருந்தவர். சீழ்க்கட்டின்னு யார் வந்தாலும் கருப்பு மருந்தைத் தடவிப் பஞ்சு வெச்சு அனுப்புவார். அந்தக் காலத்துல மறுபடி மறுபடி வந்து நின்ன பொம்பளைங்க எத்தனை பேருக்கு உள்ள இது இருந்துச்சோன்னு இப்ப யோசிக்கிறேன். பெரட்டுக்கு (காலையில வேலைக்குப் பேர் கொடுக்கிறதுக்கு) நேரமாச்சுன்னு நின்னுக்கிட்டே மருந்து வாங்கிட்டுப் போவாங்க. ஏன் நின்னாங்கன்னு அப்ப எனக்குத் தெரியல.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

எஸ்3-க்குக் கீழன்னா நல்ல சேதி. பெரும்பாலும் பின்வழியா எடுப்பாங்க. குப்புறப் படுக்கவெச்சு, வால் எலும்புகிட்ட கீறி, தேவைப்பட்டா வால் எலும்பையும் சேர்த்து எடுத்துட்டு உள்ள போவாங்க. பால் கிராஸ்கேன்னு ஒரு ஜெர்மன் சர்ஜன் 1885-லயே காட்டின வழி. எஸ்3-க்கு மேல ஏறியிருந்தா வயித்து வழி, ரெண்டு பக்கமும் நீண்டிருந்தா ரெண்டு வழியும். பழைய கீறல் துவாரம் இருக்குன்னீங்களே, அதையும் கூடவே வெட்டி எடுக்கச் சொல்லிக் கேளுங்க.

பை வைக்கிறது எல்லாருக்கும் இல்ல. மலக்குடல் சுவரோட ஒட்டியிருந்தா, அந்தச் சுவரையும் கொஞ்சம் எடுக்கவேண்டி வந்தா, அது ஆறுற வரைக்கும் தற்காலிகமா வைக்கலாம். கையெழுத்து வாங்கும்போது அதையும் சொல்லித்தான் வாங்குவாங்க. அந்த வரியைப் பார்த்துட்டு பயந்து ஓடாதீங்க.

கொழுந்தனார் பிரைவேட்டுக்குக் கூப்பிடுறது அவர் பிரியம். அங்க எம்.ஆர்.ஐ. எடுக்கிற காசுல கவர்மென்ட் மூணாம் வகுப்பு வார்டுல மாசக்கணக்குல படுத்துக்கலாம். இந்த ஆபரேஷனுக்கு ஏசி ரூம் முக்கியமில்ல, பெருங்குடல் சர்ஜன்தான் முக்கியம். அது உங்களுக்குக் கிடைச்சிருக்கு.

லேப் தம்பி (ஈப்போ):

அக்கா, நான் பெத்தோலஜி லேப்ல வேலை செய்றேன். டாக்டர் இல்ல, டெக்னீஷியன். எடுத்த கட்டி எங்ககிட்டதான் வரும், அதனால அங்கேயிருந்து சொல்றேன்.

இந்தக் கட்டியைத் திறந்தா உள்ள ஒரே மாதிரி இருக்காது. ஒரு அறையில தோல் மாதிரி தட்டைச் செல்லு, பக்கத்து அறையில குடல் மாதிரி சளி சுரக்கிற செல்லு, இன்னொண்ணுல மூத்திரப்பை உறை மாதிரி. சுவர்ல தசை நார் ஒழுங்கில்லாம சிதறிக் கிடக்கும். அதை வெச்சுத்தான் பிரிப்பாங்க: தசை ரெண்டு அடுக்கா ஒழுங்கா இருந்து நடுவுல நரம்புப் பின்னலும் இருந்தா அது இரட்டைக்குடல் கட்டி. முடியும் எண்ணெய்ச் சுரப்பியும் இருந்தா டெர்மாய்டு. 1988-ல அமெரிக்க ராணுவ நோய்க்குறியியல் கழகத்துல இந்த வால்குடல் கட்டி 53 பேருடையதை ஒண்ணாச் சேர்த்து எழுதினாங்க. இன்னைக்கும் எல்லாரும் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கிறாங்க.

இதுல புத்து வந்தா பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு. சளிச் செல்லுல வர்றது அடினோகார்சினோமா, அது முரடு. இன்னொண்ணு ஹார்மோன் சுரக்கிற செல்லுல வர்ற நியூரோஎண்டோகிரைன், பழைய பேரு கார்சினாய்டு. அது பெரும்பாலும் மெதுவா வளர்ற ஜாதி. எத்தனை பேருக்குப் புத்து வருதுன்னா ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு கணக்கு, நூத்துக்கு ரெண்டு பேர்லேயிருந்து கால்வாசி பேர் வரைக்கும் எழுதியிருக்காங்க. மொத்தக் கேஸே கொஞ்சம், அதுல ஆபரேஷனுக்கு வந்தவங்களை மட்டும்தானே எண்ண முடியும். அந்த எண்ணைப் பிடிச்சுக்கிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க.

எங்களுக்கு வேண்டியது ஒண்ணுதான். கட்டி உடையாம முழுசா வரணும். புத்து ஆரம்பிச்ச இடம் சில சமயம் ஒரு பயறு அளவுகூட இருக்காது. உடைஞ்சு துண்டு துண்டா வந்தா, ஓரம் எது உள்பக்கம் எதுன்னு தெரியாம நாங்க திண்டாடுவோம். முழுசா வந்தா வெளிய மை பூசி, சுவரைத் துண்டு துண்டா நறுக்கி, நிறைய பிளாக் (மெழுகுல பதிச்ச துண்டு) எடுப்போம். தடிச்ச இடத்தை முழுசாவே போடுவோம். அதனால ரிப்போர்ட் வர லேட் ஆனா "ஏதோ மறைக்கிறாங்க"ன்னு நினைக்காதீங்க. கூடுதல் சாயம் போட்டுப் பார்க்கவேண்டி வந்தா இன்னும் நாள் ஆகும்.

கேன்டீன் அக்கா:

கொழுந்தன்கிட்ட மிஸ்ஸி எழுதினதை அப்படியே படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் "எனக்கும் வால் இருந்துச்சா"ன்னு மட்டும் கேட்டார். அடுத்த மாசம் 9-ஆம் தேதி ஆபரேஷன். பள்ளிக்கூட லீவுல வருது, அதனால சம்பளம் போகாது.

கேன்டீன் அக்கா (ஏழு வாரம் கழித்து):

எல்லாருக்கும் வணக்கம். குப்புறப் படுத்துக்கிட்டுதான் டைப் பண்றேன், எழுத்துப்பிழையைப் பெருசு பண்ணாதீங்க.

ஆபரேஷன் மூணு மணி நேரம். பின்வழியாவே எடுத்துட்டாங்க. வால் எலும்பு போச்சு, பழைய துவாரமும் போச்சு, பை வைக்கல. முழிச்சதும் முதல்ல வயித்தைத்தான் தடவிப் பார்த்தேன். ஆறு நாள் வார்டு. பக்கத்துக் கட்டில் சீனக் கிழவி தன் கஞ்சியில பாதியை எனக்குத் தருவாங்க. எம் பேரு வாயில வராம கடைசி வரைக்கும் "தங்காச்சி"ன்னே கூப்பிட்டாங்க.

புண்ணு மேல்பக்கம் கொஞ்சம் விட்டுப்போச்சு. பக்கத்துக் கிளினிக்ல தினமும் கட்டு மாத்துறாங்க, ஒரு வெள்ளி (ரிங்கிட்) காசுதான். லேப் தம்பி சொன்ன மாதிரியே ரிப்போர்ட் வர ரொம்ப லேட். நீங்க முன்னாலேயே சொல்லலைன்னா நான் செத்தே போயிருப்பேன்.

நேத்து கூப்பிட்டுச் சொன்னாங்க. கட்டி உடையாம வந்திருக்கு. டெயில்கட் சிஸ்ட்தான். தடிச்ச சுவர்ல 7 மில்லிமீட்டர் அளவுக்கு நியூரோஎண்டோகிரைன் டியூமர், கிரேடு 1. கி-67 ரெண்டு சதவீதத்துக்குக் கீழ. ஓரமெல்லாம் சுத்தம். டாக்டர் "கான்சர்"ங்கிற வார்த்தையைச் சொன்னப்ப வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்ச பிடியில வளையல் நெளிஞ்சுபோச்சு. ஆனா கீமோ வேணாம், கதிர்வீச்சு வேணாம்னாங்க. வேற எங்கயாவது இருக்கான்னு பார்க்க ஒரு ஸ்கேனுக்குப் பேர் கொடுத்திருக்காங்க, அதுக்கப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்து எடுத்துப் பார்ப்பாங்களாம்.

அம்மாவுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கட்டியை எடுத்தாச்சுன்னு மட்டும் சொன்னேன். பால்குடத்துக்குத் தேதி பார்த்துட்டாங்க. ஒண்ணு கேக்கணும். கிரேடு 1-ன்னா என்ன அர்த்தம், ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னா அப்புறமும் ஏன் பார்க்கணும்?

லேப் தம்பி (ஈப்போ):

அக்கா, சந்தோஷமா இருக்கு. கி-67-ங்கிறது செல்லு எத்தனை இப்ப பிரிஞ்சுக்கிட்டு இருக்குன்னு காட்டுற சாயம். நூத்துக்கு மூணுக்குக் கீழ, பிரியுற செல்லும் கொஞ்சமா இருந்தா கிரேடு 1. இருபதைத் தாண்டினா கிரேடு 3. உங்களோடது கீழ்ப்படியில நிக்குது. ஆனா மெதுவா வளர்றது மெதுவாத்தான் திரும்பவும் வரும், வந்தா வருஷம் கழிச்சு வரலாம், அதனாலதான் பார்க்கிறாங்க. இந்தக் கட்டியில சுவரோட ஒரு துணுக்கு விட்டுப்போனாலும் நீர்க்கட்டியே திரும்ப வளரும், அதையும் அதே எம்.ஆர்.ஐ.-லேயே பார்த்துருவாங்க. ரிப்போர்ட்ல ஒரு நகல் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க. அஞ்சு வருஷம் கழிச்சு வேற ஆஸ்பத்திரிக்குப் போனா, "ஏதோ கட்டி எடுத்தாங்க"ன்னு சொல்றதை விட அந்தக் காகிதம் பேசும்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:

கட்டு மாத்துற இடத்துல குளிச்சதும் நல்லா ஒத்தி எடுங்க, ஈரம் நிக்கக் கூடாது. முக்காம வெளிய போறதுக்கு மருந்து கொடுத்திருப்பாங்க, அதை நிறுத்தாதீங்க. ஒரு மாசத்துக்கு அரிசி மூட்டை, தண்ணிச் சட்டி எதையும் தூக்காதீங்க. கேன்டீன்காரங்க கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும், அதான் சொல்றேன்.

அம்மாகிட்ட சொல்லிருங்க. மரம் வெட்டின கைக்கு இதைத் தாங்குற தெம்பு இருக்கும்.

கேன்டீன் அக்கா:

சொல்லிட்டேன் மிஸ்ஸி. ரொம்ப நேரம் வெத்தலையை மடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் "எத்தனை மில்லிமீட்டர்னு சொன்னே?"ன்னாங்க. ஏழுன்னேன். சுண்டு விரலை நீட்டி அந்த நகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "இத்தனைக்கா மூணு வருஷம்"னு சொல்லிட்டு எழுந்து போய் எனக்குத் தண்ணி கலக்கினாங்க. இன்னைக்குக் காலையில பார்த்தா முக்காலியை எடுத்து வெளிய போட்டிருக்காங்க.